அடுத்த பக்கத்தில் சிவமணி

வெள்ளி

இன்றைக்குக் கடைக்கு ஒரு கல்வெட்டு வேலை வந்தது. எங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரில் ஒருவர் இறந்தால் முப்பதாம் நாள் பூசைக்கு உள்ளங்கை அளவில் ஓர் அட்டை அடிப்போம். ஒரு பக்கம் படம், மறுபக்கம் செபம், அவ்வளவுதான். வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகமே அடித்து, வந்தவர்களின் கையில் ஒவ்வொன்று கொடுத்து அனுப்புகிறார்கள். வர முடியாதவர்களுக்குத் தபாலில் போகிறது. பஞ்சபுராணம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் அட்டவணை, கடைசியில் நன்றி. காகிதத்தில் அடிப்பதை ஏன் கல்வெட்டு என்கிறார்கள் என்று மீரா சாஹிப்பிடம் கேட்டேன்.

"அழிக்க ஏலாதே புள்ள, அதுக்குத்தான்," என்றார். "அதால பாத்து அடி."

மீரா சாஹிப் எங்கள் கடை முதலாளி. அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கையில் கடை. வெளிநாட்டுத் தொலைபேசி, ஃபக்ஸ், போட்டோகொப்பி, தட்டச்சு எல்லாம் உண்டு. பகலில் நான் அங்கே தட்டச்சு செய்கிறேன். மாலையில் அதே ஒழுங்கையில் ஒரு மாடிவீட்டில் கணினி வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் படிப்பதைப் பாதியாகவே விளங்கிக்கொண்டு கடையில் செய்து பார்க்கிறேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மீரா சாஹிப்புக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரோ என்னவோ.

வேலையைக் கொண்டுவந்தவர் நாகேந்திரம். காலமானவர் அவருடைய தகப்பன் சுந்தரலிங்கம், ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ஒழுங்கையின் மறுகோடியில் உள்ள தொடர்மாடியில் வீடு. அடுத்த வார ஞாயிறு முப்பத்தோராம் நாள். நாகேந்திரம் கையெழுத்துப் பிரதியை ஒவ்வொரு தாளாக என் முன்னால் வைத்தார். அட்டவணைத் தாள் வந்ததும் அதை உடனே தராமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு பேர், தங்கச்சி. மூத்தவன் நான். தில்லைநாதன் ரொறொன்ரோ. தவமலர் லண்டன். குகநேசன் மெல்பேண். கடைசி..."

அவர் முடிக்கவில்லை. தாளை வாங்கி நானே வாசித்தேன். சிவமணி. கணவர் ஹியூபேட். மகள் பிறிஜெற். கொட்டாஞ்சேனை.

"அம்மா போடத்தான் வேணும் எண்டிட்டா. போடும்."

ஹியூபேட்டை எனக்குத் தெரியும். துறைமுகத்தில் எழுதுவினைஞர், எங்கள் கோவில் பாடகர் குழுவில் நிற்கிறவர். இதைச் சொல்லலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நாகேந்திரம் படியிறங்கிவிட்டார்.

வரலாறு ஒரு பக்கத்தின் நடுவில் முடிந்தது. அதற்குக் கீழே அட்டவணையைப் போட்டேன். ஐந்து வரியும் அந்தப் பாதிப் பக்கத்தில் சரியாக அடங்கின. கீழே ஒரு விரல் இடம்தான் மிஞ்சியது. ஒரு பிரதி எடுத்து நாகேந்திரத்தின் தாயார் சிவக்கொழுந்து அம்மாவுக்கு அனுப்பினேன். சரி என்று சொல்லிவிட்டாராம்.

ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பக்கத்தில் ஹியூபேட், அவர் தோளில் நித்திரையாகிப்போன ஒரு சின்னப் பெண்.

"நீர்தானே சாஹிப்பின்ரை கடையிலை ரைப் அடிக்கிறது? நான் சிவமணி. எங்கட அப்பான்ரை கல்வெட்டு உம்மட்டைத்தானாம்."

"ஓம் அக்கா."

"அஞ்சு பேரும் ஒரே பக்கத்திலையாம். அம்மா போனிலை சொன்னவ. மெய்யே?"

"மெய்தான். நான்தான் அடிச்சன்."

"எனக்கு மேலை மட்டும் ஒரு கோடு, கீடு?"

"எல்லாருக்கும் ஒரே கோடுதான் அக்கா."

ஹியூபேட் சிரித்தார். "என்ட பேர முழுசாப் போட்டீங்களா, இல்லாட்டி கொட்டாஞ்சேனையார் எண்டு விட்டீங்களா?"

"நீங்கள் சும்மா இருங்கோ," என்று சிவமணி அவரை முழங்கையால் இடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செத்தவீட்டுக்கு வராதை எண்டு ஆரும் சொல்லேல்லை. வா எண்டும் சொல்லேல்லை. பொரளைக் கனத்தையிலை, சுடலைக் கேற்றடியிலை பிள்ளையோடை நிண்டு பாத்திட்டு வந்தனான். ஆக்களின்ரை முதுகுதான் தெரிஞ்சது."

தலையை ஆட்டினேன்.

"இப்ப அண்ணன் அஞ்சு பேரையும் ஒண்டாப் போட்டு ஊருலகத்துக்குக் குடுக்கிறான் எண்டால், அது வா எண்ட மாதிரித்தானே? அப்ப நாங்கள் மூண்டு பேரும் போவம். அப்பிடி இல்லையெண்டால், அம்மா எவ்வளவு அழுதாலும் நான் அந்தப் படி ஏறமாட்டன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு ஏன் அவங்கட வீட்டுக் கத?" என்றார். கத இல்லை, என் வேலை என்றேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னாலேயே முடியவில்லை.

திங்கள்

மாலையில் நாகேந்திரம் தம்பியோடு கதைக்கக் கடைக்கு வந்தார். ரொறொன்ரோவில் அப்போது காலை. தொலைபேசிக் கூண்டுக்குள் இருந்தபடியே கதவை முழங்காலால் திறந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

"தங்கச்சி! தில்லைநாதனுக்குப் பின்னாலை பட்டம் ரெண்டும் போடட்டாம். கொம்பனிப் பேரும்!"

போட்டேன். ஒரு வரியாக இருந்த இடம் மூன்று வரியாயிற்று. அரை மணித்தியாலத்தில் லண்டனிலிருந்து ஃபக்ஸ் வந்தது. ரொறொன்ரோ லண்டனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தவமலரின் கணவர் டொக்டர் என்று மட்டும் போட்டது போதாதாம், என்ன டொக்டர், எந்த ஆஸ்பத்திரி என்றும் வேண்டுமாம். மெல்பேண் குகநேசனுக்கு ஒரு சங்கத்தின் தலைவர் பதவி. எல்லாவற்றையும் போட்டு முடித்தபோது நாகேந்திரம் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அப்ப எனக்கும் ஒரு வரி போடும். உதவிப் பணிப்பாளர். ஓய்வு எண்டு போடாதையும், இன்னும் மூண்டு மாதம் கிடக்கு."

அதையும் அடித்தேன். அப்போதுதான் கவனித்தேன், திரையில் ஐந்தாவது வரியைக் காணவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். அடுத்த பக்கத்தின் உச்சியில் அது தனியாக நின்றது. மேலே மகன், மகள், துணை, பிள்ளைகள் என்ற தலைப்பு வரிகூட இல்லை. அதற்குக் கீழே உடனே நன்றி நவிலல் தொடங்கியது. பந்தல் போட்டவர்கள், மலர்வளையம் கொண்டுவந்தவர்கள், தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள். வாசிக்கிறவர் எவரும் சிவமணியையும் அவர்களில் ஒருத்தி என்றுதான் நினைப்பார்.

"அங்கிள், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போயிட்டுது. சரியாக்கித் தாறன்."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். ரயில் ஒன்று கடையை உலுக்கிக்கொண்டு போனது.

"வேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும்."

"தனியா நிக்கிது அங்கிள்."

"பேர் இருக்குத்தானே? அம்மா பேர் போடச் சொன்னா, போட்டாச்சு. நான் தள்ளேல்லை, தங்கச்சி. கொம்பியூட்டர் தள்ளினது. நீர் ஏன் மினக்கெடுறீர்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நெடுநாள் சுமந்த பொதியை யாரோ வாங்கிக்கொண்டதுபோல மூச்சு விட்டார். அதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. வேண்டுமென்றே செய்திருந்தால் அவரோடு மனசுக்குள்ளாவது சண்டை போடலாம். இயந்திரம் செய்தது என்றால் யாரோடு?

செவ்வாய்

அவர் வேண்டாம் என்றார். ஆனாலும் நான் முயன்று பார்த்தேன். வேலைக்காக முயன்றேனா, ஹியூபேட் எங்கள் கோவில்காரர் என்பதற்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். வெறும் விலைப்பட்டியல் ஒன்று இப்படி உடைந்திருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

எழுத்தின் அளவைப் பத்திலிருந்து ஒன்பதுக்குக் குறைத்தேன். அப்போதும் ஐந்தாவது வரி மேலே ஏறவில்லை. ஏறியிருந்தாலும் பயன் இல்லை. அந்த அளவில் பாமினி எழுத்துருவின் சுழிகள் அச்சில் மையால் அடைபட்டுப்போகும். ஓரங்களைக் குறைக்கலாமா என்று பார்த்தால், புத்தகம் வெட்டும் கத்திக்கு இடம் வேண்டும். இருப்பிடம் என்ற நிரலை ஒடுக்கிப் பெயர் நிரலை அகலமாக்கினேன். ஒரு வரி மிச்சமாயிற்று. எனக்கு வேண்டியது மூன்று. நீளமான வரிகளைப் பின்னால் தள்ளிச் சிவமணியை முன்னுக்குக் கொண்டுவருவோமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். பிறந்த வரிசையை மாற்ற நான் யார்? இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஒரு வரி பிளக்கக்கூடாது என்று கணினிக்குச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதையும் தொட்டேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. வரி பிளக்கவில்லையே, முழுதாகத்தானே போய்விட்டது.

மாலை வகுப்பில் ஆசிரியர் கொன்ஸ்ரன்ரைனிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் வேறு எதையோ எழுதிக்கொண்டே, "கீப் வித் நெக்ஸ்ற் போட்டுப் பாத்தீரோ?" என்றார். போன மாதம் அதைப் படித்தோமாம். என் கொப்பியில் அது இருந்தது. தலைப்புகளுக்கு மட்டும் உரியது என்று நான் எழுதி வைத்திருந்தேன். அட்டவணைக்கும் பொருந்தும் என்று விளங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரிக்கும், உனக்கு அடுத்த வரியை விட்டுப் பிரியாதே என்று சொல்லிவைப்பதுதான் அது. முதல் நான்கு வரிகளுக்கும் தலைப்பு வரிக்கும் சொன்னால் போதும். கடைசி வரிக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் அது நன்றியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓடினேன். மீரா சாஹிப் கதவைப் பாதி இறக்கியிருந்தார்.

"என்ன புள்ள, பஸ் இல்லாமப் பெய்த்திரும். ரோட்டில ஆமி செக்கிங் வேற நடக்கிது."

"அஞ்சு நிமிசம் நானா."

வரிகளைத் தெரிவுசெய்து, கட்டத்தில் அடையாளம் இட்டேன். நாலு வரியும் ஐந்தாவதைத் தேடிக் கீழே இறங்கின. அட்டவணை முழுதாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஐந்து பேரும், தலைப்போடு, ஒன்றாக. கீழே நன்றிக்கும் இடம் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது மின்சாரம் போனது. சேமிக்கவில்லை. வெளிச்சம் திரும்பி வரும்வரை மீரா சாஹிப் மெழுகுதிரியோடு என் பக்கத்தில் நின்றார். கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

புதன்

நேற்றைய சந்தோசம் பேருந்திலேயே போய்விட்டது. அட்டவணை இறங்கியதால் வாழ்க்கை வரலாற்றுக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அழிக்க ஏலாத புத்தகத்தில் அரைப் பக்க வெறுமை. இதைக் காட்டினால் நாகேந்திரம் பழையபடியே விடு என்பார் என்று பயந்தேன். நிரப்ப என்ன இருக்கிறது என்று பக்கங்களைப் புரட்டினேன். முன்பக்கத்தில் பாட்டுகள் நெருக்கமாக இருந்தன. கடைசிப் பாட்டை எடுத்து அந்த வெறுமையில் நடுவாக வைத்து, சுற்றி ஒரு மெல்லிய பூங்கோடும் போட்டேன். அழகாக இருந்தது. எங்கள் அட்டைகளில் செபத்தை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைப்போம்.

நாகேந்திரம் மத்தியானம் வந்தார். பக்கங்களைப் புரட்டினார். பாட்டில் கை நின்றது.

"இதென்ன இது? புராணம் இஞ்சை ஏன் நிக்குது?"

"இடம் இருந்திச்சு அங்கிள், அதான்..."

"பஞ்சபுராணத்தைப் பிச்சு எறிஞ்சிருக்கிறீரே! தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். அஞ்சும் அந்த ஒழுங்கிலை ஒண்டாத்தான் வரவேணும். நாலை அங்கை விட்டிட்டு ஒண்டை இஞ்சை கொண்டந்து பூப்போட்டு வைச்சிருக்கிறீர். இதை ஐயர் பாத்தால் என்ன சொல்லுவார்? வேதக்காரப் பிள்ளையட்டைக் குடுத்தது என்ரை பிழை."

போட்டோகொப்பி இயந்திரத்தடியில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்று ஓர் அட்டவணைக்காக இரண்டு நாள் மல்லுக்கட்டிய நானே இன்னொரு ஐந்தைப் பிரித்திருக்கிறேன். அது ஐந்து என்றுகூட எனக்குத் தெரியாது.

"இது எனக்குத் தெரியாது அங்கிள். இப்பவே திருப்பி வைக்கிறன்."

"எல்லாத்தையும் திருப்பி வையும். திங்கக்கிழமை இருந்த மாதிரி."

"அட்டவணையையுமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் மேசைக்குக் கிட்டக் குனிந்தார். கோபம் போய்விட்டது, களைப்பு மட்டும் இருந்தது.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், தங்கச்சி. சம்மந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளை பகுதி கல்வெட்டு வாங்கினால் தேவாரமோ பாக்கும்? நேரை அந்தப் பக்கத்தைத்தான் விரிக்கும். ஆர் ஆரைக் கட்டினது, எங்கை, என்ன பேர் எண்டு. என்ரை மகளின்ரை பேருக்கு நாலு விரற்கடை கீழை பிறிஜெற் எண்டு நிண்டால்? அடுத்த பக்கம் எண்டால் சிலவேளை பிரட்ட மாட்டினம்."

அவர் போன பிறகு மீரா சாஹிப் என்னிடம் வந்தார். "நாளைக்கு அச்சுக்குப் போகோணும். கஸ்டமர் சொல்றதச் செய் புள்ள. குடும்பத்துக்குள்ள நாங்க போகத் தேவல்ல."

பாட்டைப் பழைய இடத்தில் வைத்தேன். ஐந்தும் சரியான ஒழுங்கில் நிற்கின்றனவா என்று கையெழுத்துப் பிரதியோடு வைத்து மூன்று முறை பார்த்தேன். பிறகு இரண்டு கோப்புகளாகச் சேமித்தேன். ஒன்றில் சிவமணி தனியாக, மற்றதில் ஐந்து பேரும் ஒன்றாக, மேலே அரைப் பக்க வெறுமையோடு.

அச்சகம் எங்கள் கொட்டாஞ்சேனையில்தான். வேலை முடிந்து போகும் வழியில் கோப்புகளைப் பதிந்த புளொப்பியை அங்கே கொடுப்பது என் பொறுப்பு. 155 பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது இந்த எண்ணம்தான். நாளைக்கு இரண்டாவது கோப்பைக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஞாயிறு காலை கட்டுப் பிரிக்கும்போதுதான் நாகேந்திரம் பார்ப்பார். அப்போது நானும் சொல்லலாம், கொம்பியூட்டர் செய்தது என்று. சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் பையைக் கிளறிப் புளொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "மேக்கே மொனவத தியென்னே?", இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். மரணவீட்டுப் புத்தகம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பினானோ இல்லையோ, திருப்பித் தந்துவிட்டான். மருதானை வரை புளொப்பியைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். களவாக ஒன்றைச் செய்துவிட்டு அதை இப்படிக் கையில் வைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று அப்போது விளங்கியது. அது நேர்மையா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

வியாழன்

அச்சுக்குப் போகும் வேலையில் எங்கள் கடையில் ஒரு சட்டம். வாடிக்கையாளர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைக்க வேண்டும். பெயரில் ஒரு துணைக்காலைக் காணவில்லை என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக மீரா சாஹிப் கொண்டுவந்தது.

நாகேந்திரம் பின்னேரம் வந்தார். பேனையைத் திறந்து வேகமாக வைத்துக்கொண்டே போனார். படம், பஞ்சபுராணம், வரலாறு, அட்டவணையின் நாலு வரி. நான் அடுத்த தாளை வைத்தேன். சிவமணியும் நன்றியும் மட்டும் உள்ள பக்கம்.

"இதுக்குத் தேவையில்லைத்தானே? நன்றிதானே. பாத்திட்டன்."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் வேணும் அங்கிள்."

பேனை தாளுக்கு மேலே நின்றது. பக்கத்தில் இருந்த உறையிலிருந்து மற்றத் தாள்களை எடுத்து அதன் அருகே வைத்தேன்.

"இதயும் பாருங்க. இது அஞ்சு பேரும் ஒண்டா நிக்கிறது. எது வேணுமோ அதில வையுங்க. இன்னொண்டும் சொல்லோணும், கோவிக்க வேணாம். திங்கக்கிழமை கொம்பியூட்டர்தான் தள்ளிச்சு. அது மெய். இப்ப அத நிப்பாட்டத் தெரியும். இனித் தனியா விடச்சொன்னா நான்தான் விடுறன், நீங்க சொல்லித்தான் விடுறன்."

மீரா சாஹிப் கல்லாவுக்குப் பின்னால் இருமினார். நான் வேலை போனது என்றே நினைத்தேன்.

நாகேந்திரம் இரண்டு தாள்களையும் பார்த்தார். ஒழுங்கையின் மாடிவீட்டு வகுப்பிலிருந்து யாரோ பாடம் சொல்லும் குரல் கேட்டது.

"அம்மாக்குக் கண் தெரியாது எண்டு நினைக்காதையும்," என்றார். "கல்வெட்டு வந்த உடனை அவ அதைத்தான் தேடுவா. நான் கொம்பியூட்டர் எண்டுவன். அவ நம்புவா. நான் சொன்னா நம்புவா."

"சொல்லலாம் அங்கிள்."

"கையெழுத்து என்ரையாக் கிடக்குமே."

"இந்தத் தாள் அச்சகத்தோட நிண்டுடும். உங்கட அம்மா காண மாட்டாங்க."

"நான் கண்டிட்டனே."

அப்போது தொலைபேசி மணி அடித்தது. மீரா சாஹிப் எடுத்துவிட்டு, "கனடா, உங்களுக்குத்தான்," என்று கூண்டைக் காட்டினார். நாகேந்திரம் கூண்டுக்குள் போகவில்லை. கல்லாவில் நின்றபடியே வாங்கிக் காதில் வைத்தார்.

"ஓம், தில்லை... ஓம், இண்டைக்குத்தான் அச்சுக்குப் போகுது... என்னது? பெடியன்ரை பல்கலைக்கழகமோ? அவன் இன்னும் போகவே இல்லையே, இடம்தானே கிடைச்சிருக்கு..."

அந்தப் பக்கம் நெடுநேரம் கதைத்தது. நாகேந்திரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஏலாது. இனி ஒரு எழுத்தும் ஏறாது. நீங்கள் ஆளுக்காள் ஏத்தி ஏத்தித்தான் அவள் கீழை விழுந்தாள்... ஆரோ? சிவமணி. உன்ரை தங்கச்சி சிவமணி. மறந்திட்டியோ?... இல்லை, நான் கத்தேல்லை. கொம்பியூட்டர் விடுதில்லையடா, நான் என்ன செய்ய?"

தொலைபேசியை வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். ஐந்து பேரும் நின்ற தாளைத் தன் பக்கம் இழுத்து, சிவமணியின் வரிக்கு நேரே ஓரத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மற்றப் பக்கங்களில் வைத்தது வெறும் கீறல்தான். பிறகு அதற்கு முந்திய பக்கத்தின் வெறுமையைப் பார்த்தார்.

"இந்த அரைப் பக்கத்துக்கு என்ன செய்யிறது?"

"எனக்கு நிரப்பத் தெரியல அங்கிள். நிரப்பினாப் பிழைக்குது."

"கிடக்கட்டும்," என்று அதிலும் ஒரு கீறல் வைத்தார். "மாப்பிள்ளை பகுதிக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை." அது என்னிடம் கேட்டதல்ல. குடையை விட்டுவிட்டுப் போனார், பாதி ஒழுங்கையிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, என்னைப் பாராமலே போனார்.

மீரா சாஹிப் கையெழுத்து வைத்த தாள்களை அடுக்கி என்னிடம் தந்தார். "நாளைக்கு வெள்ளனையோட வா," என்றார். அது கோபமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வகுப்புக்குப் போகாமல் நேரே பேருந்து ஏறினேன். அச்சகம் ஆறரைக்கு மூடிவிடும். ஆனாலும் கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் கால் சிவமணியின் வீட்டுப் பக்கம் போனது. கடையின் காகிதத்தை வெளியாருக்குக் காட்டுவது சரியா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கதவைத் திறந்துவிட்டாள். கை முழுக்க மா.

"என்ன, பிழைச்சிட்டுதோ?" என்றாள். முகம் அதற்குள் மாறிவிட்டது.

தாளை நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். மேலிருந்து வாசித்தாள். உதவிப் பணிப்பாளர், ரொறொன்ரோவின் இரண்டு பட்டம், லண்டனின் ஆஸ்பத்திரி. "அம்மாடி," என்று ஒரு தரம் சிரித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. விரல் தன் பெயருக்குப் போகவில்லை. ஓரத்துக்குப் போனது.

"இது அண்ணன்ரை கையெழுத்து."

"ஓம் அக்கா."

"இதிலை ஏன் வைச்சவர்?"

"பாத்துச் சரி எண்டு வைக்கிறது."

"தானாவே வைச்சவரோ? அம்மா பக்கத்திலை நிண்டவவோ?"

"தனியாத்தான் வந்தார்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மா ஒட்டிய விரல் தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் பதிந்தது. அச்சகத்தில் அந்தக் கறையைக் கண்டு என்ன கேட்பார்களோ? நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தாளத் தாங்க. பூட்டிருவாங்க."

அவள் தரவில்லை. தாளைப் பிடித்தபடியே உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட ஐடென்ரிற்றி காட் எங்கை? என்ரையையும் தேடி எடுத்து வையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போகவேணும், வழியிலை மறிப்பாங்கள்."

"இண்டைக்கு வியாழன்தானே!" என்று ஹியூபேட்டின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"பரவாயில்லை, இப்பவே எடுத்து வையுங்கோ," என்றாள் சிவமணி. மேசை லாச்சி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. நான் வாசலில் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.